ஃப்ரீலான்ஸ் எழுத்தில் முதல் வருடம்: லாபமா நஷ்டமா?

கேள்வி கேட்டவர் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறார். வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் வருடம் 9 லட்சம் சம்பளத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தவர். 2024 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், கட்டுரை என்று சொந்தமாக எழுதத் தொடங்கியிருக்கிறார். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 7,20,000 ரூபாய்க்குப் பில் போட்டிருக்கிறார். வங்கிக்கு வந்தது 5,60,000. பில்லில் 3,70,000 ஒரே மொழிபெயர்ப்பு ஏஜென்சியுடையது, 1,20,000 மக்களவைத் தேர்தல் நேரத்தில் ஒரு நிறுவனத்துக்குச் செய்த பிரச்சார வேலை, மீதி 2,30,000 பதினொரு சின்ன வாடிக்கையாளர்கள் கொடுத்தது; அவர்களில் நான்கு பேர் மறுபடியும் வந்திருக்கிறார்கள். "சம்பளத்தை விடக் குறைவு. அப்பா தர்மபுரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாதம் என்ன வருகிறது என்று கேட்கிறார். எழுத வேண்டும் என்று வெளியே வந்தேன், ஒரு சிறுகதைகூட எழுதவில்லை. இந்த வருடம் லாபமா நஷ்டமா?" இதுதான் கேள்வி. 2025ல் வந்த அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது, பதிலும் அப்போது எழுதியதுதான்.

லாப நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது உங்கள் கவலை வேறு இடத்தில் இருப்பதாகப் பட்டது. போன வருடம் முடிந்துவிட்டது. இந்த 7,20,000 அடுத்த வருடமும் வருமா, அதை நம்பிப் பெங்களூரில் வாடகை கொடுத்துக் குடியிருக்கலாமா, இதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் 2009லிருந்து இதே ஊரில் இதே வேலையில் இருக்கிறேன். தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் கன்னடம். ஒவ்வொரு ஏப்ரலிலும் போன வருடத்துப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொள்வேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஆடிட்டரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அதனால் வரியும் சட்டமும் வரும் இடங்களில் எது உறுதி, எதற்கு விவரம் தெரிந்தவரிடம் போக வேண்டும் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 1,60,000. பில் போட்டதற்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தமாக "வராத பணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்க அப்படி இருக்க வாய்ப்பில்லை. தொழில்முறைச் சேவைக்குப் பணம் தரும் நிறுவனம் 1961ன் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ஏஜென்சியும் தேர்தல் வேலை கொடுத்தவர்களும் அப்படிப் பிடித்திருந்தால், 4,90,000க்கு 49,000 ரூபாய் அங்கேயே கழிந்திருக்கும். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் அரசிடம் இருக்கிறது. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் யார், எப்போது, எவ்வளவு கட்டினார்கள் என்று வரி வரியாகத் தெரியும். சில கணக்குத் துறைகள் மொழிபெயர்ப்பை ஒப்பந்த வேலையாக எண்ணி 194சி பிரிவில் 1% மட்டும் பிடிப்பார்கள். அப்படியானால் தொகை மாறும். பிடித்தோம் என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் ஏற்றாமல் இருந்தால் வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். 49,000 போனால், உண்மையிலேயே வெளியே நிற்பது 1,11,000. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2024-25க்குப் புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரி இல்லை. உங்கள் 7,20,000லிருந்து இன்டர்நெட், மென்பொருள் சந்தா, லேப்டாப் தேய்மானம், வேலை செய்யும் அறைக்கான வாடகைப் பங்கு இவற்றைக் கழித்தாலே அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடுவீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த வரி திரும்பி வரும். 2025-26லிருந்து அந்த எல்லை 12 லட்சம். இவ்வளவும் உறுதி. உறுதியில்லாத ஒன்று, எல்லாரும் எழுத்தாளர்களுக்குப் பரிந்துரைக்கும் 44ஏடிஏ பிரிவு. வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் முடித்துக்கொள்ளும் வசதி அது. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சினிமாவுக்குக் கதை, வசனம், பாட்டு எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறார்கள். கட்டுரையும் மொழிபெயர்ப்பும் செய்கிறவர்கள் அப்படி இல்லை. அதனால் ஆடிட்டருக்கு ஆடிட்டர் கருத்து மாறுகிறது. என்னுடையவர் செலவுகளை எழுதி முழுக் கணக்கோடு ஐடிஆர்-3 என்ற ரிட்டர்ன் படிவத்தைத் தாக்கல் செய்யச் சொல்கிறவர், நானும் அதைத்தான் செய்கிறேன். உங்கள் வருமானத்துக்கு எந்த வழியிலும் வரி வராது என்பதால், ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி வராத வழியில் போவது நல்லது.

சரி, சம்பளத்தோடு ஒப்பிடலாமா? ஒப்பிடலாம், ஆனால் ஒழுங்காக ஒப்பிட்டால் உங்களுக்குச் சாதகமாக வராது. அந்த 9 லட்சத்தோடு சம்பளத்துடன் விடுமுறை, பிஎஃப்பில் நிறுவனத்தின் பங்கு, கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து இருந்தன. 7,20,000ல் இவை எதுவும் இல்லை. இதில் காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ல் குறைத்திருக்கிறது. பாலிசி எடுக்கும் நாளிலிருந்துதான் அந்தக் காலம் ஓடத் தொடங்கும். ஆக பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் இந்த வருடம் உங்களுக்குக் குறைவுதான். முதல் வருடத்தில் இந்தத் தொகைக்குப் பில் போட்டது நல்ல ஆரம்பம் என்றும் மனதாரச் சொல்வேன். தெரிந்தவர் யாரும் இல்லாமல் தொடங்கிப் பதினொரு புதிய ஆட்களைப் பிடித்திருக்கிறீர்கள்.

இனி முக்கியமான இடம். பில்களை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் "இந்த வேலை ஏன் வந்தது, அதே காரணம் அடுத்த வருடமும் இருக்குமா" என்று எழுதுங்கள். தேர்தல் வேலை வந்ததற்குக் காரணம் 2024 ஏப்ரல் 19ல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது. அந்தக் காரணம் 2025-26ன் பெரும்பகுதியில் கிடையாது. எனவே அந்த 1,20,000ஐ இப்போதே வெளியே எடுத்து வையுங்கள். உங்கள் வருடம் 6 லட்சம். அதில் 3,70,000 ஒரே ஏஜென்சி, அதாவது அறுபது சதவீதத்துக்கு மேல். அந்த ஏஜென்சியில் உங்களோடு பேசும் புராஜெக்ட் மேனேஜர் வேறு வேலைக்குப் போனாலோ, அவர்களுடைய ஒரு பெரிய வாடிக்கையாளர் கைமாறினாலோ, உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் நின்றுவிடும். இந்த ஊரில் இது நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருடைய குற்றமும் இல்லாமலே நடக்கும். அதனால் நீங்கள் காலூன்றி நிற்கும் நிலம் அந்த 2,30,000 மட்டும்தான், அதிலும் திரும்பி வந்த அந்த நான்கு பேர். சிறிய தொகைதான். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் நால்வரும் ஏன் திரும்பி வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு போன் போதும்.

என் அனுபவத்தில் திரும்பி வரும் வேலைக்கு ஒரு அடையாளம் உண்டு. ஏதோ ஒரு விதியோ நடைமுறையோ அந்த எழுத்தைக் கட்டாயமாகக் கேட்கும். பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு அப்படிப்பட்ட வேலை நாம் நினைப்பதை விட அதிகம். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சொல்லும் முக்கிய விவரக் குறிப்பைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இந்த ஊரில் அலுவலகம் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கு அது தமிழில் வேண்டும், வட்டி விதிமுறை மாறும்போதெல்லாம் மறுபடியும் வேண்டும். மருந்து ஆய்வுகளில் கலந்துகொள்பவரின் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து நோயாளிகள் வரும் மருத்துவமனைகளில் தமிழ்ப் படிவம் தேவைப்படும். அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்ப்பதற்குத் தனியாக இன்னொரு மொழிபெயர்ப்பாளரையும் அமர்த்துவார்கள். அப்புறம் நிலப் பத்திரங்கள். ஓசூர்ப் பக்கம் சொத்து வைத்திருக்கும் பெங்களூர்க் குடும்பங்கள் வங்கிக் கடனுக்கும் வழக்குக்கும் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆங்கிலத்தில் கேட்பார்கள். என் வருமானத்தில் நிலையான பகுதி இன்றைக்கும் இதுதான். ஒரு வழக்கறிஞர் உங்கள் வேலையில் திருப்தி அடைந்தால் இன்னொரு வழக்கறிஞரிடம் சொல்வார். உங்கள் பதினொரு பேரில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்கள், எத்தனை பேர் தீபாவளி விளம்பரத்துக்காக ஒருமுறை வந்தவர்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் "ஒரு சொல்லுக்கு இவ்வளவு, தமிழ்க் கோப்பை எண்ணித் தருகிறார்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் குறைகிறது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிவிடும். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக இருப்பது இங்கே ஒன்றாக நிற்கும். என்னிடம் வரும் கோப்புகளில் ஆங்கிலத்தை விடத் தமிழில் சொற்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். எழுத்துகளின் எண்ணிக்கையோ கூடும். ஒரு சொல்லுக்கு 1.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1000 சொல் ஆங்கிலக் கோப்புக்கு மூலத்தை எண்ணினால் 1500 ரூபாய். தமிழை எண்ணினால் 750 சொல், 1125 ரூபாய்தான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்றால் மூல மொழியை எண்ணச் சொல்லுங்கள். மூலத்தை எண்ணுவது இந்தத் தொழிலில் புதிய வழக்கம் இல்லை, அதனால் கேட்கத் தயங்க வேண்டாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு என்றால் இதே கணக்கு தலைகீழாகும். அங்கே ஆங்கிலத்தை எண்ணுங்கள், அல்லது பத்திரங்களுக்குச் செய்வதுபோல் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒரே ஏஜென்சியிடம் இந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் உங்கள் 3,70,000 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருளில் முன்பே சேமித்திருக்கும் வாக்கியங்கள் மறுபடி வந்தால் ஏஜென்சிகள் கட்டணத்தில் கழிவு கேட்பார்கள். அச்சு மாறாமல் அப்படியே வரும் வாக்கியத்துக்குக் கழிவு நியாயம்தான். பாதி ஒத்துப்போகும் வாக்கியத்துக்குக் கழிவு தருவது தமிழில் நியாயமாகப் படவில்லை. ஒரு எழுவாய் மாறினாலே வினைமுற்று வரை எல்லாம் மாறும், புதிதாக எழுதும் நேரம்தான் பிடிக்கும். இதை நான் ஏஜென்சிகளிடம் உதாரணத்தோடு எழுதிக் காட்டியிருக்கிறேன். பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நீங்களும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். ஏஜென்சி வேலையில் ஒரு பங்கு, இயந்திரம் தந்த தமிழைத் திருத்தும் வேலையாக மாறிவிட்டது, அதற்கான கட்டணம் முழு மொழிபெயர்ப்பை விடக் குறைவு. நீங்கள், நீ என்று மரியாதை மாறி மாறி வருவது, ஒற்று விடுபடுவது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வாக்கியம் நிற்பது போன்ற இடங்களில் ஆள் இல்லாமல் முடியவில்லை. இதற்கு மேல் நான் சொல்வது கணிப்புதான். பொதுவான இணையதளப் பக்கங்கள், பொருள் விவரங்கள் ஆகியவற்றின் கட்டணம் இன்னும் இறங்கும் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய ஆவணங்களில் அவ்வளவு வேகமாக இறங்காது என்று நினைக்கிறேன். திருத்தும் வேலையைச் சொல் கணக்கில் எடுக்காமல் மணிக்கணக்கில் கேளுங்கள். மறுத்தால், ஒரு கோப்பு முழுவதையும் நேரம் பார்த்துச் செய்து, மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று கண்ட பிறகு முடிவெடுங்கள்.

நேரம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கில் எங்குமே மணிகள் இல்லை. விலைப்புள்ளி அனுப்புவது, சாம்பிள் செய்து கொடுப்பது, பணத்துக்குப் பின்னால் அலைவது, மூன்றாம் முறை நான்காம் முறை திருத்துவது எல்லாம் கூலியில்லாத வேலை. விளம்பர வாசகத்தில் திருத்தம் ஏன் பெருகுகிறது என்றால், பெங்களூர் அலுவலகங்களில் தமிழ் தெரிந்த ஒருவரை வேறு துறையிலிருந்து அழைத்து "இது சரியா பாருங்க" என்று கொடுப்பார்கள். அவர் வீட்டில் பேசும் தமிழுக்கு மாற்றுவார். அடுத்தவர் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றுவார். வேலை தொடங்கும் முன்பே யார் பார்த்து ஒப்புதல் தருவார்கள், பேச்சு நடையா எழுத்து நடையா, ஆங்கிலச் சொல் எவ்வளவு கலக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் தனி என்று விலைப்புள்ளியிலேயே போடுங்கள். இந்த வருடம் ஒவ்வொரு வேலைக்கும் நேரத்தை எழுதி வைத்தால், அந்தச் சின்னப் பதினொரு பேரில் சிலர் ஏஜென்சியை விட மணிக்கு அதிகம் தருவதைப் பார்ப்பீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது அந்த 1,11,000. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் ஆதார் வைத்து நுண்தொழிலாக, அதாவது மிகச் சிறிய தொழிலாக, பதிவு செய்யுங்கள். சேவைத் தொழிலுக்கும் பதிவு உண்டு, அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் அரசுடையது இல்லை. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ன் எம்எஸ்எம்இடி சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. கொடுக்காதவர்கள் மீது, இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநிலக் கவுன்சிலில் முறையிடலாம். இதை விட வேகமாக வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்). 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவின்படி, நுண், சிறு தொழில்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் தரும் வரை நிறுவனம் தன் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் பில்லில் உத்யம் எண்ணையும் இந்தப் பிரிவையும் ஒரு வரியாகப் போட்டு, உங்களோடு பேசுபவருக்கு மட்டும் இல்லாமல் அவர்களுடைய கணக்குத் துறைக்கும் அனுப்புங்கள். பிப்ரவரியில் அனுப்பினால் மார்ச் முடிவதற்குள் பணம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் உள்ள இடமும் உண்டு. பதிவுக்கு முன் செய்த வேலைக்கு எம்எஸ்எம்இடி சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்குமா என்பது நீதிமன்றங்களில் இன்னும் தீராத கேள்வி. பழைய 1,11,000க்கு இதை முழுதாக நம்ப வேண்டாம். அதற்குக் கணக்கு விவரத்தோடு நினைவூட்டல் கடிதம், அப்புறம் வழக்கறிஞர் நோட்டீஸ் என்று போகலாம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி. சென்னை வாடிக்கையாளருக்குப் பில் போட்டால் வேறு மாநிலம் என்பதால் பதிவு கட்டாயம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சேவைகளுக்கு 2017 அக்டோபரிலிருந்தே அப்படி இல்லை. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை கட்டாயம் கிடையாது.

சிறுகதை எழுதவில்லை என்ற வரியைக் கேள்வியின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. இந்த வருடம் நீங்கள் எழுதிய லட்சக்கணக்கான சொற்களில் உங்களுடையது எது என்று பாருங்கள். 1957ன் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதும் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் 5 வருடம், எந்த எல்லை என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஏஜென்சி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எல்லா உரிமையும் எல்லாக் காலத்துக்கும் எழுதி வாங்கியிருப்பார்கள், அதனால் அந்த எழுத்து போனதுதான். ஆனால் பத்திரிகைகளுக்கு எழுதிய கட்டுரைகளுக்கு நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவை இன்னும் உங்களுடையவை, நாளைக்குத் தொகுத்துப் புத்தகம் ஆக்கலாம். சொந்தக் கதை என்றால் உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் உரிமை நிற்கும். கதையைப் பணத்துக்காக எழுதச் சொல்லவில்லை. எந்த ஆசையில் நாற்காலியை விட்டு எழுந்தீர்களோ அதற்கு ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட ஒதுக்காவிட்டால், இரண்டாம் வருடத்தில் இந்த வேலையே கசந்துவிடும். நல்ல எழுத்தாளர்கள் சிலர் அப்படித்தான் திரும்பிப் போனார்கள். எனக்கு உதவியது, வாரத்தில் ஒரு காலை நேரத்தை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டது. கப்பன் பார்க்கின் சிவப்புக் கட்டடத்து மாநில மத்திய நூலகமோ, 1950ல் தொடங்கிய, அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமோ, போன் எடுக்காமல் உட்காரக்கூடிய இடமாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளி மலர்களுக்கு எழுத ஆசை இருந்தால் ஆடி மாதத்திலேயே கதை கையில் இருக்க வேண்டும்.

தொடரலாமா? உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், 2026 மார்ச் வரை தொடருங்கள் என்பேன், ஒரு நிபந்தனையோடு. ஏஜென்சியும் தேர்தலும் இல்லாத வருமானம் 2,30,000லிருந்து மூன்றரை லட்சத்தையாவது தொட வேண்டும், திரும்பி வருபவர்கள் நான்கிலிருந்து ஏழு எட்டு ஆக வேண்டும். டிசம்பரில் ஒருமுறை பாருங்கள். அந்தத் தொகை ஏறாமல் அப்படியே நின்றால், டெக்னிக்கல் ரைட்டிங்கில் பகுதிநேர ஒப்பந்தம் ஒன்று தேடிக்கொண்டு மீதி நேரத்தில் இதைச் செய்யலாம். இந்த ஊரில் அந்த வேலை கிடைக்கும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வரும் பணம் எல்லாவற்றையும் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதம் 40,000ஐ முதல் தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். அப்பா கேட்டால் அந்த 40,000ஐச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது மாதா மாதம் மாறாத ஒரு தொகை, அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் 2026ல் வருகிறது, மறுபடியும் உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் பாதிப் பணம் வேலை தொடங்கும் முன், மீதி வாக்குப்பதிவு நாளுக்கு முன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு அந்த அலுவலகத்தில் பில் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். அந்தப் பணம் வந்தால் வருடக் கணக்கில் சேர்க்காமல், காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.